அரை மாத்திரையும் முழு முழங்காலும்

எனக்காக அப்பா தம் கையால் செய்து கொடுத்த ஒரே பொருள், நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலாக்கா மாநிலத்துச் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அங்கே சாரம் கட்டும் வேலை. வாரக் கடைசியில் மட்டும் நியாலாஸ் பக்கமிருந்த எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வருவார். இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளை ஆலையில் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். கேட்டு வாங்கிச் சில பலகைகளைக் கொண்டுவந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறுத்து, ஆணியடித்து, பச்சைச் சாயம் பூசினார். முதுகுப் பலகை வருவதற்குள் சாயம் தீர்ந்துபோனது. அதனால் அதில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளும் ஓர் அம்புக்குறியும் அப்படியே நின்றுவிட்டன. அந்த நாற்காலியைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இருந்தாலும் அறிவிப்பு இருந்தது.

நாற்காலி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில் கழிப்பறைகள் வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. எல்லாமே குந்தி உட்காரும் வகை. எனக்கோ இடது கால் நீட்டிய வாக்கில் உலக்கைபோல் கிடந்தது. ஆகவே தினமும் காலையில் அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். நான் இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு பின்னால் போவேன். திருவிழாவில் வாகனம் முன்னால் போய்விட, சாமி மட்டும் நொண்டிக்கொண்டு பின்தொடர்வதுபோல இருக்கும். லயத்தில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் வாசலில் நின்று பல் துலக்குவார்கள். பதினாறு வயதில் ஒருவனுக்கு மானம் நிறைய இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் இடம் இருக்காது.

கால் முறிந்த கதையில் வீரம் எதுவும் கிடையாது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்துச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மாமா வண்டியை ஒடித்தார். அவர் லாலான் புல்லில், மெத்தைமேல் விழுவதுபோல விழுந்தார். நான் லோங்காங்கில் விழுந்தேன். சாக்கடை மட்டுமென்றால் பரவாயில்லை, என்மேல் மோட்டார்சைக்கிளும் விழுந்தது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொடை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. மலாக்கா பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவை செய்து, உள்ளே தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த அப்பா, சாரம் கட்டுகிறவருக்கே உரிய கண்ணோடு, ‘நல்லாத்தான் முடுக்கியிருக்கான்’ என்றார். அவருடைய வாயிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

மருத்துவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். கோளாறு என் பக்கம் இருந்தது. அதற்கு முந்தைய மாசி மகத்தில் நான் வேண்டுதலுக்காகக் காவடி எடுத்திருந்தேன். கன்னத்தில் அலகு குத்தி, கால் கொப்பளிக்க நடந்து, ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல், ஒரு முனகல் இல்லாமல் கோயில் போய்ச் சேர்ந்தவன். வேண்டுதல் தேர்வுக்காக. தேர்வு முடிவைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. ஆனால் தோட்டத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. பார்வையாளர் நேரத்தில் மாமா வந்து, என் கட்டிலைச் சுற்றியிருந்த நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கும், தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற வேறுபாடு பாராமல், கன்னத்தில் விரலைக் குத்திக் காட்டி அந்தக் கதையைச் சொல்லுவார். அலகு குத்தியவனுக்கு ஊசி எதற்கு என்று முடிப்பார். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊசி கேட்பது?

அந்த நாளில் எனக்கு எழுதப்பட்டிருந்த உத்தரவு, வலித்தால் பெத்திடின் ஊசி என்பது. அபின் வகையைச் சேர்ந்த பலமான மருந்து. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வந்து மலாயில், ‘சாக்கிட்?’ என்று கேட்பார். வலிக்கிறதா என்று அர்த்தம். நான் ‘தாக் சாக்கிட்’ என்பேன். வலிக்கவில்லை. சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மிஸ்ஸி எழுதிக்கொண்டு போவார். வலியில்லாத பையன் என்று என் பெயர் தாளில் ஏறியது. ஊசியை நிறுத்திவிட்டுக் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையை மட்டும் வைத்தார்கள். எல்லாம் நான் கேட்டபடியே நடந்தது.

பிறகு உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் மலாய் அண்ணன் வந்தார். மென்மையான குரல். முழங்காலை மடக்க வேண்டும் என்றார். ஒரு கையைத் தொடையிலும் ஒரு கையைக் கணுக்காலிலும் வைத்து, ‘சிக்கிட் லாகி’ என்றார். இன்னும் கொஞ்சம். அவருடைய கொஞ்சம் எவ்வளவு என்பது எனக்கு அடுத்த நொடியில் தெரிந்தது. நான் கத்திய கத்தலில் வார்டின் கடைசியில் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தைத் தவறவிட்டார்.

அப்போது அங்கே நின்றிருந்தவர்தான் எங்கள் டாக்டர். பட்டணத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தாளைப் புரட்டினார்.

“வலிக்கலைன்னு சொன்னியாமே?”

“வலிக்கல டாக்டர்.”

“அப்ப இப்ப கத்துனது யாரு, பக்கத்துக் கட்டில் அங்கிளா?”

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாமா என் உதவிக்கு வந்தார். அலகு, காவடி, ஒரு சொட்டு இரத்தம் இல்லை என்று கன்னத்தில் விரல் வைத்து முழுவதையும் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி அங்கிள், நான் நம்புறேன். அன்னைக்கு உடுமி மேளம் அடிச்சாங்க, வேல் வேல்னு பாடுனாங்க, நாலு பேரு தாங்கிப் புடிச்சாங்க. இங்க யாரு இருக்கா? மேல காத்தாடி மட்டுந்தான் சுத்துது.”

மாமா அண்ணாந்து கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்ன விஷயம் எளிமையானது. இப்போது மடக்காவிட்டால் தொடைச் சதை எலும்போடு ஒட்டிக்கொள்ளும், முழங்கால் நிரந்தரமாக விறைத்துவிடும். வலியோடு மடக்க முடியாது. ஆகவே கேட்டால் மருந்து என்ற ஏற்பாடு இந்தப் பையனுக்குச் சரிப்பட்டு வராது. இவன் சாகும்வரை கேட்க மாட்டான். பயிற்சிக்கு முன்னால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பலமான வலி மாத்திரை. அப்படியே எழுதினார். அடுத்த நாள் மாத்திரை போட்டு, அது வேலை செய்ய நேரம் விட்டு, மலாய் அண்ணன் மறுபடி கை வைத்தார். வலி இருந்தது. ஆனால் வலி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தும் அளவுக்கு இருந்தது. கால் கொஞ்சம் மடங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன உறையில் மாத்திரைகளைப் போட்டு, என்னிடம் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்தார்கள். நீங்களே வைத்திருங்கள், பயிற்சிக்கு முன் ஒன்று கொடுங்கள், உறையில் எழுதியிருக்கும் நாளோடு நிறுத்திவிடுங்கள், பையன் ரொம்பத் தூக்கமாக இருந்தால் கொடுக்காதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், மிச்சமானால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மா உறையை உற்றுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“இது டாடா இல்லியே டாக்டர்?”

டாடா என்றால் மலாயில் போதைப்பொருள். அந்த வருடங்களில் நாட்டில் அந்தச் சொல் எழுதாத சுவர் இல்லை. டாக்டர் பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

“அந்தக் குடும்பந்தாம்மா. கசகசாச் செடி இருக்கில்ல, அதோட பாலுல இருந்து வர்ற வகை. அளவா, கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுத்தா மருந்து.”

கசகசாவை எங்கள் வீட்டில் கோழிக் குருமாவுக்கு அரைத்து ஊற்றுவார்கள். அம்மாவின் முகத்தில் கடந்த இருபது வருடத்துக் குருமா முழுவதும் வரிசையாக வந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குருமா வெறும் தேங்காயோடு நின்றுவிட்டது.

அடுத்த தடவை வரும்போது கால் செங்கோணத்துக்காவது மடங்கியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் மயக்கம் கொடுத்து அவர்களே மடக்க வேண்டியிருக்கும். அதிலும் முழுதாகச் சரியாகும் என்று உறுதி கிடையாது. எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சரியாகாவிட்டால் ஆயுள் முழுக்கப் பச்சை நாற்காலி.

அம்மா மாத்திரைகளை ஒரு மைலோ டின்னில் போட்டு, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். அதன் பிறகு என்னைக் கண்காணிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்திலிருந்து நான் எப்போதோ கொண்டுவந்த போதைப்பொருள் எதிர்ப்புச் சுவரொட்டி ஒன்று அடுப்படியில் தகரச் சுவரின் ஓட்டையை மறைக்க ஒட்டப்பட்டிருந்தது. போதைக்கு அடிமையானவனை எப்படி அடையாளம் காண்பது என்று அதில் போட்டிருந்தது: அதிக நேரம் தூங்குவான், சரியாகச் சாப்பிட மாட்டான், பெற்றோரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டான், கழிப்பறையில் வெகுநேரம் இருப்பான். அதில் எதுவுமே இல்லாத பதினாறு வயதுப் பையன் மலேசியாவில் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. போதாததற்கு அந்த மாத்திரை மலத்தைக் கட்டும். டாக்டர் சொல்லியே அனுப்பியிருந்தார். தண்ணீரும் பப்பாளியும் கொடுக்கச் சொன்னார். ஆகவே நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் சுவரொட்டியின் கடைசி வரிக்குச் சாட்சியம் ஆனது. வெளியே அம்மா நின்று, “என்னா பண்ற உள்ள?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்?

பயிற்சியும் அந்த நாற்காலியில்தான். ஓட்டையின்மேல் பலகை போட்டு, நான் உட்கார்ந்து, நல்ல காலை அடிபட்ட காலின்மேல் மாட்டிக் கீழே அழுத்த வேண்டும். மாமா எதிரே குந்திக்கொண்டு, மலாய் அண்ணனைப் போலவே மென்மையான குரலில் ‘சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி’ என்பார். மாடு குறுக்கே வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எல்லாவற்றையும் மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் கால் அசையவில்லை. இரண்டு அழுத்தில் கண்ணில் பூச்சி பறக்கும். நிறுத்திவிடுவேன். வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்டது பாதி மாத்திரை என்பதை நான் பார்க்காமல் இல்லை. டாக்டர் சொன்ன ஒன்று இந்தப் பாதிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம்தான். கேட்கும் பழக்கம்தான் நமக்கு இல்லையே.

குறிப்பிட்ட நாளில் மலாக்காவுக்குப் போனோம். டாக்டர் கீல் வைத்த பிளாஸ்டிக் அளவுகோலை முழங்காலில் பொருத்திப் பார்த்தார். மறுபடி பொருத்தினார். போன தடவைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மா பையிலிருந்து மைலோ டின்னை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“மிச்சம் புடிச்சிட்டேன் டாக்டர்.”

டின்னுக்குள் அரை மாத்திரைகள். பாக்குவெட்டியால் ஒரே சீராக வெட்டியவை. அரிசியிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்து வீட்டை ஓட்டிய கை, மருந்திலும் பிடித்திருந்தது. டாக்டர் டின்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திட்டு எனக்கு விழாமல் அம்மாவுக்கு விழப்போகிறதே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏன் பாதியாக்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். அம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார். எங்கள் பின் லயத்தில் ஒரு பையன் இருந்தான். பந்து விளையாட்டில் கெட்டிக்காரன். டாடா பழகினான். அவன் வீட்டுப் பித்தளைப் பாத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போயிற்று, கடைசியில் அவனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

“அவங்க அம்மா எங்கிட்ட வந்துதான் அழுவும் டாக்டர். இவன் காலு போனா நான் தூக்கிச் சுமப்பேன். அப்படிப் போயிட்டா நான் எங்க போயி தேடுவேன்?”

எனக்கு இருந்த சின்னச் சந்தோஷம் அத்தோடு போயிற்று.

டாக்டர் தம் நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க பயம் தப்பில்லம்மா. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. இல்லாட்டி பெரிய பாட்டிலா அவன் கையிலயே குடுத்து அனுப்பியிருப்பேனே. கொஞ்சமா குடுத்தேன், உங்க கையில குடுத்தேன், நிறுத்துற நாளும் சொன்னேன். எல்லாம் அந்தப் பயத்துலதான். ஆனா பாதி குடுத்தா வலியும் போகாது, காலும் மடங்காது. ரெண்டுங்கெட்டானா போயிரும்.” டின்னிலிருந்த அரைகளை ஓர் உறையில் கொட்டிக்கொண்டே சொன்னார். “பயப்படுங்க. பயந்துக்கிட்டே முழுசா குடுங்க.”

அம்மா டின்னை மூடினார். டாக்டர் மயக்கம் கொடுக்கும் நாளைக் குறிக்காமல், முழு மாத்திரைகளோடு இன்னும் ஒரு தவணை கொடுத்தார். அதுதான் கடைசி என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா முழுதாகக் கொடுத்தார். பயந்துகொண்டேதான். என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, முருகனைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து, அதன் பிறகு உள்ளங்கையில் வைப்பார். மாத்திரை இறங்கியதும் மாமா நாற்காலியில் பலகையைப் போடுவார். நான் அழுத்துவேன். அழுத்த முடிந்தது, அதுதான் செய்தி. வியர்வை நாற்காலியின் பச்சைச் சாயத்தை என் உள்ளங்கையில் ஒட்டவைத்தது. உள்ளே ஏதோ நார் நாராகப் பிரிவதுபோல இருக்கும். அடுத்த நாள் குதிகால் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் என் குதிகால் நாற்காலியின் முன்காலைத் தாண்டிப் பின்னால் போனது. மாமா தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து அதைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய், இந்தத் தடவை அலகைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், முழங்காலைப் பற்றி மட்டும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த தடவை பிளாஸ்டிக் அளவுகோல் செங்கோணத்தைத் தாண்டி நின்றது. டாக்டர் மலாய் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வழக்கம்போல ‘சிக்கிட் லாகி’ என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றே மாத்திரையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். முதலில் விட்டு விட்டு, பிறகு சாதாரண வலி மாத்திரை மட்டும். நான் போதைக்கு ஏங்குகிறேனா என்று அம்மா சில நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நான் ஏங்கியது கசகசா போட்ட குருமாவுக்கு மட்டும்தான்.

மிச்ச மாத்திரைகளை அம்மா மலாக்காவுக்குப் போய் மருந்து கொடுக்கும் சன்னலில் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை எல்லாம் முழு மாத்திரைகள். தேவைப்படாததால் மிஞ்சியவை. உள்ளே இருந்தவர் அதை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டும்வரை அம்மா சன்னலைவிட்டு நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்வதற்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. அதற்குள் தினப் பயிற்சியில் முழங்காலும் நன்றாக மடங்கியிருந்தது. சொன்ன வாரக் கடைசியில் அப்பாவும் வீட்டில் இருந்தார். காலையில் அம்மா வழக்கம்போல நாற்காலியைத் தூக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஊன்றுகோலையும் சுவரில் சாய்த்துவிட்டு, லயத்தின் பல் துலக்கும் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். முழங்கால் முணுமுணுத்தது. இன்னும் கொஞ்சம் என்றேன் அதனிடம். இறங்கியே விட்டேன். பலர் மலையுச்சியில் நின்று அடைந்த ஆனந்தத்தை நான் அங்கே, கீழே, அடைந்தேன். வேலை முடிந்த பிறகும் எழ மனம் வரவில்லை.

வெளியே மாமாவின் குரல் கேட்டது. “டேய், என்னா ஆச்சு? இருக்கியா?”

“இருக்கேன் மாமா.”

“எப்படி இருக்க?”

“குந்திக்கிட்டு இருக்கேன்.”

லயத்தில் யாரோ கைதட்டினார்கள். வாயில் பற்பசையோடு ஒருவர் ஏதோ வாழ்த்தினார், வார்த்தை புரியவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தபோது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டின் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். அம்புக்குறி மண்ணைக் காட்டியது.

அன்று மத்தியானம் குருமாவில் கசகசா திரும்பி வந்திருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.